நார்கோலெப்ஸி மருந்துச் சோதனையில் சேருவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளினிக்கல் டிரயல் என்றதும் எல்லாருக்கும் முதலில் வருகிற பயம் புது மருந்தைப் பற்றியது. நியாயமான பயம்தான். ஆனால் நார்கோலெப்ஸி சோதனைகளில் ஆளைப் போட்டு வாட்டுவது பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்கள்: பழைய மருந்தை நிறுத்திவிட்டு இருக்கிற வாரங்களும், ஆய்வகத்தில் கழிக்கிற நீண்ட பகல்களும். இதை முன்கூட்டியே யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. அதனால் இங்கே அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

நார்கோலெப்ஸி என்றால் சரியாக என்ன?

தூக்கத்தையும் விழிப்பையும் மூளை தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியாமல் திணறுகிற நரம்பியல் நோய். சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். சோம்பேறி, மந்தம், எதிலும் அக்கறை இல்லாத ஆள் என்று பெயர் வாங்கிப் பல வருஷம் கழிந்த பிறகுதான் நிறையப் பேருக்கு இது ஒரு நோய் என்றே தெரிய வருகிறது.

பகலில் அடக்க முடியாத தூக்கம் இந்த நோய் உள்ள எல்லாருக்கும் உண்டு. சிரித்தாலோ, திடீரென்று சந்தோஷப்பட்டாலோ முழங்கால் மடங்கி, தாடை தொங்கி, உடம்பு துவண்டுபோவது கேட்டப்ளெக்ஸி. நினைவு தப்பாது, சுற்றி நடப்பது எல்லாம் காதில் விழும். தூங்கப் போகும்போதோ எழும்போதோ கை கால் அசைக்க முடியாமல் கிடப்பதும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும், ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாகப் போவதும் பலருக்கு இருக்கும்.

முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பார்கள். முதல் வகையில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், நம்மை விழித்திருக்க வைக்கும் ஒரெக்ஸின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிற நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். இந்த ரசாயனத்தை 1998-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தன. சோதனைப் படிவத்தில் ஹைப்போகிரெட்டின் என்று இருந்தாலும் அதே பொருள்தான். இரண்டாம் வகையில் கேட்டப்ளெக்ஸி இருக்காது. ஒரெக்ஸின் அளவும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எந்தச் சோதனையும் முதலில் பார்ப்பது நீங்கள் எந்த வகை என்பதைத்தான்.

ஏற்கனவே மருந்துகள் இருக்கின்றனவே, புதிதாக எதற்கு?

இருக்கின்றன. மோடஃபினில், சோல்ரியாம்ஃபெடால், பிடோலிசன்ட் பகலில் விழித்திருக்க உதவுகின்றன. சோடியம் ஆக்ஸிபேட் ராத்திரியில் சாப்பிடுவது. அதன் பழைய வடிவத்தில் இரண்டாவது டோஸுக்காக அலாரம் வைத்து நடுராத்திரி எழுந்திருக்க வேண்டும். வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் கேட்டப்ளெக்ஸியைக் குறைக்கின்றன. இவற்றால் எத்தனையோ பேர் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் இவற்றில் எதுவும் இல்லாமல் போன ஒரெக்ஸினின் இடத்தை நிரப்புவதில்லை.

இப்போது நடக்கிற பரபரப்புக்குக் காரணம், நரம்பணுக்களில் ஒரெக்ஸின் பதியும் இடங்களான ஏற்பிகளில் இரண்டாம் வகையை (நோயின் இரண்டாம் வகை வேறு, இது வேறு) நேரடியாகத் தூண்டும் மாத்திரைகள். டகேடா நிறுவனத்தின் ஓவெபோரெக்ஸ்டன் முதல் வகைக்காரர்கள் 112 பேரிடம் 8 வாரம் சோதிக்கப்பட்டு, அந்த இரண்டாம் கட்ட முடிவுகள் 2025-ல் வெளியாயின. மூன்றாம் கட்டச் சோதனைகளும் இலக்கை எட்டியதாக அதே வருஷம் அறிவித்தார்கள். இதே பாதையில் வேறு நிறுவனங்களும் இருக்கின்றன.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்கிறார்களே?

முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களுக்கு, மருந்தைக் கொடுத்து உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகளிடம் எந்த அளவு வேலை செய்கிறது என்று தேடுவார்கள். மூன்றாம் கட்டத்தில் கூடுதல் பேரிடம், அங்கீகாரம் கேட்பதற்கான சான்று திரட்டுவார்கள். அங்கீகாரத்துக்குப் பிறகும் கண்காணிப்பது நான்காம் கட்டம். கட்டம் ஏற ஏற மருந்தைப் பற்றித் தெரிந்தது கூடும். "இந்த மருந்தை இதுவரை எத்தனை பேர், எவ்வளவு காலம் சாப்பிட்டிருக்கிறார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். கட்டத்தின் எண்ணைவிட அந்தப் பதில் அதிகம் சொல்லும்.

என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

ஸ்கிரீனிங் முடிந்தால்தான் தெரியும். நோய் உறுதியான பழைய அறிக்கையைக் கேட்பார்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தூக்க ஆய்வு, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து குட்டித் தூக்கம் என்று நடக்கிற சோதனை அது. சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டு, இரண்டு முறையாவது சட்டென்று கனவுத் தூக்கத்துக்குள் போயிருந்தால் நார்கோலெப்ஸிக்கான அளவு. அறிக்கை பழையதாக இருந்தால் மறுபடி செய்யச் சொல்லலாம். சில சோதனைகளில் மரபணுப் பரிசோதனையோ, முதுகுத்தண்டு நீரில் ஒரெக்ஸின் அளவோ கேட்பதும் உண்டு.

தூக்கத்தில் மூச்சுத் திணறல் அதிகமாக இருப்பது, கல்லீரல் அல்லது இதயக் கோளாறு, வலிப்பு, தீவிர மனநலப் பிரச்சினை, இரவு ஷிப்ட் வேலை இவையெல்லாம் பல சோதனைகளில் தடை. கேட்டப்ளெக்ஸி மருந்து என்றால் வாரத்துக்கு இத்தனை தடவையாவது வர வேண்டும் என்று அடிமட்ட எண்ணிக்கை வைத்திருப்பார்கள். சேர வேண்டும் என்ற ஆசையில் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள், வேறு நோயையோ மருந்தையோ மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்த அந்த ஒன்றுதான் புது மருந்தோடு மோதும்.

இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலான சோதனைகளில் ஆமாம். பழைய மருந்து உடம்பிலிருந்து முழுக்க வெளியேறினால்தான் புது மருந்தின் விளைவு தனியாகத் தெரியும். எவ்வளவு நாள் என்பது மருந்தைப் பொறுத்தது. இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். சில சோதனைகளில் மட்டும் மோடஃபினில் போன்ற ஒன்றை அதே அளவில் தொடரலாம் என்பார்கள்.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை வந்த பிறகு நீங்கள் மறந்தே போயிருந்த பழைய நாட்கள் திரும்பி வரும். அதிலும் கேட்டப்ளெக்ஸிக்காக வென்லாஃபாக்ஸின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள் அதைச் சட்டென்று விட்டால், முன்பு இருந்ததைவிட மோசமாக, அடுக்கடுக்காக மணிக்கணக்கில் கேட்டப்ளெக்ஸி வரலாம். ஆகவே தானாக நிறுத்தவே கூடாது. ஆய்வு மருத்துவரும் உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரும் சேர்ந்து போட்டுக் கொடுக்கிற கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

இந்த வாரங்களுக்கு வீட்டில் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வண்டி ஓட்டுவது கிடையாது. நீச்சல், ஏணி, தனியாக அடுப்படி வேலை கிடையாது. குளிக்கும்போது கதவைத் தாழ் போடாதீர்கள். கைக்குழந்தை இருந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவது வேறு யாராவது பார்க்க வேண்டிய வேலை. குழந்தை சிரித்தால் நீங்களும் சிரிப்பீர்கள், முழங்கால் மடங்குவது அந்த நொடியில்தான். வேலை செய்கிற இடத்தில் முடிந்தால் விடுப்பு எடுங்கள். பரீட்சை, கல்யாணம், வேலை மாறுவது போன்றவை வரும் மாதம் என்றால், என் கருத்தில் அந்தச் சோதனையை விட்டுவிடுவதே நல்லது. வேறு சோதனை வரும்.

ஆய்வகத்தில் பகல் முழுக்க என்ன செய்வார்கள்?

இந்த நோயின் மருந்துச் சோதனைகளில் அதிகம் நடப்பது விழிப்பைத் தக்கவைக்கும் சோதனை. தூங்கச் சொல்லி அளக்கிற சோதனைக்கு இது நேர் எதிர்: இதில் தூங்காமல் இருக்க வேண்டும்.

தலையிலும் முகத்திலும் பசை வைத்து ஒயர்கள் ஒட்டுவார்கள். மங்கலான, சத்தமில்லாத அறை. விளக்கு உங்களுக்குப் பின்பக்கம், கண்ணில் படாதபடி சின்னதாக எரியும். கட்டிலிலோ சாய்மானத்திலோ முதுகைச் சாய்த்து உட்கார வைத்து, "அசையாமல் உட்காருங்கள், முடிந்தவரை தூங்காமல் இருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். போன் கிடையாது, புத்தகம் கிடையாது. பாட்டு முணுமுணுக்கக் கூடாது, கன்னத்தில் தட்டிக்கொள்ளக் கூடாது, கிள்ளிக்கொள்ளக் கூடாது. 40 நிமிடம். நீங்கள் தூங்கிவிட்டால் அந்தச் சுற்று அத்தோடு முடியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு சுற்று. இடைவேளைகளிலும் தூங்க விடமாட்டார்கள். கண் சொருகினால் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். காபி, டீ பெரும்பாலும் தடை.

மருந்தில்லாத முதல் வகைக்காரர்கள் பலர் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. அதனால் வெட்கப்பட எதுவுமே இல்லை. மருந்துக்கு முன் நீங்கள் எத்தனை நிமிடத்தில் சாய்ந்தீர்கள் என்பதுதான் அங்கே அளக்க வேண்டிய விஷயம். வருஷக்கணக்காகத் தூக்கத்தோடு மல்லுக்கட்டி, அதற்காகத் திட்டு வாங்கியவர்களுக்கு, ஒரு மூடிய அறையில் மறுபடி மறுபடி அதே சண்டையில் தோற்பது மனசைக் கஷ்டப்படுத்தும். சிலர் அழுதுவிடுவார்கள். அன்றைக்கு உங்களுக்குப் பிடித்த ஒருவர் கூட வருவது ரொம்ப நல்லது. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப் போவதற்கும் ஆள் வேண்டும்.

இது போக எப்வொர்த் கேள்வித்தாள் உண்டு. புத்தகம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, வண்டியில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போது என்று 8 சூழ்நிலைகளில் கண் அசரும் வாய்ப்புக்கு மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் பகல்தூக்கம் அதிகம். ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. வழக்கம் போல எடுப்பார்கள்.

டைரி எழுதச் சொல்கிறார்கள். அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். கேட்டப்ளெக்ஸியை எண்ணுவதற்கு ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. வாரத்துக்கு எத்தனை தடவை என்று நீங்கள் எழுதுவதே அளவீடு. பேப்பரிலோ, அவர்கள் கொடுக்கிற கருவியிலோ தினமும் பதிய வேண்டும்.

முழுசாக விழுந்தால்தான் கணக்கு என்று நினைத்துச் சின்னச் சின்னதை விட்டுவிடுகிறார்கள். தலை லேசாகத் தொங்கியது, பேச்சு குழறியது, கையில் இருந்த டம்ளர் நழுவியது, இதெல்லாமும் கேட்டப்ளெக்ஸியாக இருக்கலாம். எதை எண்ணுவது, எதை விடுவது என்று முதல் நாளே உதாரணத்தோடு கேட்டு வைத்துக்கொண்டு, கடைசி வரை அதே அளவுகோலை வையுங்கள். அப்புறம், ராத்திரி படுக்கப் போகும்போது எழுதலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். பேனா ஓடிக்கொண்டிருக்கும், எழுதுகிறவர் தூங்கியிருப்பார், எழுத்து கோட்டை விட்டு இறங்கிக் கிறுக்கலாகிவிடும். சாயங்காலம் நன்றாக விழித்திருக்கும் ஒரு நேரத்தை வீட்டில் ஒருவர் ஞாபகப்படுத்தினால் போதும்.

எனக்குப் பிளாசிபோ வந்துவிட்டால்?

வரலாம். மருந்து இல்லாத, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மாத்திரை அது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்; உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பாதிக்குப் பாதியா, மூன்றில் ஒரு பங்கா என்று விகிதத்தைக் கேளுங்கள், கட்டாயம் சொல்வார்கள்.

பழைய மருந்தும் இல்லாமல், புது மருந்தும் இல்லாமல் வாரக்கணக்கில் இருக்க வேண்டி வரும் என்பதைத் தெரிந்தே ஒத்துக்கொள்ள வேண்டும். இது கொஞ்சம் கொடுமையாகத் தெரியும். ஆனால் எப்வொர்த் மாதிரிக் கேள்வித்தாள்களில் பிளாசிபோ சாப்பிட்டவர்களின் மதிப்பெண்ணும் கொஞ்சம் முன்னேறும். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் போனால், வேலை செய்யாத மருந்தும் வேலை செய்வது போலக் காட்டிவிடும். வேறு ஒரு முறையும் உண்டு: முதலில் எல்லாருக்கும் மருந்து கொடுத்து நிலைப்படுத்திவிட்டு, பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் பிளாசிபோவுக்கு மாற்றுவது. இதில் பிளாசிபோ காலம் குறைவு.

மாத்திரை உண்மையானதுதான் என்று சிலருக்குத் தெரிந்தே போகும், அந்த அளவுக்கு விழிப்பு கூடும். சந்தோஷம். ஆனால் உங்கள் ஊகத்தை, உங்கள் அறிகுறிகளை மதிப்பிடுபவரிடம் சொல்லாதீர்கள். அதே சோதனையில் இருக்கும் மற்றவர்களோடு வாட்ஸ்அப்பில் அறிகுறிகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம். எல்லாரும் கஷ்டப்பட்டுத் திரட்டிய தரவு அதனால் கெட்டுப்போகும்.

ஆபத்து உண்மையில் எவ்வளவு?

ஒரு நிஜ நிகழ்வைச் சொல்கிறேன். ஓவெபோரெக்ஸ்டனுக்கு முன் அதே நிறுவனம் டி.ஏ.கே.-994 என்ற மாத்திரையைச் சோதித்தது. விழிப்பிலும் கேட்டப்ளெக்ஸியிலும் அது காட்டிய முன்னேற்றம் பெரிது. ஆனால் சிலருக்குக் கல்லீரல் என்சைம்கள் ஏறின. மூன்று பேருக்குக் கவலைக்குரிய அளவில் கல்லீரல் பாதிப்பு வந்தது. 2021-ல் இரண்டாம் கட்டத்தோடு சோதனையை நிறுத்திவிட்டார்கள். மருந்து நன்றாக வேலை செய்தும் நிறுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஆபத்து கற்பனை கிடையாது. அதைக் கண்டுபிடித்தது திரும்பத் திரும்ப எடுத்த ரத்தப் பரிசோதனை. "மறுபடியும் ஊசியா" என்று ஒன்றைத் தவறவிடாதீர்கள். பின்னால் வந்த ஓவெபோரெக்ஸ்டனின் இரண்டாம் கட்டத்தில் அந்தக் கல்லீரல் பிரச்சினை காணப்படவில்லை. தூக்கம் வராமல் போவதும், அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டி வருவதும்தான் அதிகம் பதிவாயின.

சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, படபடப்பு, பார்வை மாற்றம், தற்கொலை எண்ணம், எதுவானாலும் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். 24 மணி நேர எண் கொடுத்திருப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்புதல் படிவம் இவ்வளவு நீளமாக இருக்கிறதே?

பக்கம் பக்கமாகத்தான் இருக்கும். தூக்கம் அழுத்தும் ஒருவரால் அதை ஒரே மூச்சில் படிக்க முடியாது. வீட்டுக்கு எடுத்துப்போக உங்களுக்கு உரிமை உண்டு. காலையில் மருந்து வேலை செய்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள். வீட்டில் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வரியில் கோடு போட்டுக்கொண்டு போய்க் கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அதுவே அந்த இடத்தைப் பற்றி ஒரு தகவல்.

மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எவ்வளவு நாளைக்கு? இது எழுத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு நெறிமுறைக் குழு இந்த ஆய்வை அங்கீகரித்திருக்க வேண்டும். அதன் தொடர்பு விவரமும் படிவத்தில் இருக்க வேண்டும்.

நடுவில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே. 1964-ல் முதலில் ஏற்கப்பட்ட ஹெல்சின்கி பிரகடனம் முதல் இன்றைய விதிகள் வரை இதில் மாற்றமில்லை. உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஒரே ஒரு வேண்டுகோள்: சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். மருந்தைப் பத்திரமாக நிறுத்தவும், பழைய மருந்தை மறுபடி தொடங்கவும் ஒரு கடைசி விசிட் தேவைப்படும்.

பணம் கொடுப்பார்களா?

ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கும் பொதுவாக நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. போக்குவரத்துச் செலவும், செலவிட்ட நேரத்துக்கு ஒரு தொகையும் தருவது உண்டு. சேருவதற்கே உங்களிடம் பணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது. சேரலாமா?

சோதனைக் காலத்திலும் அதற்குப் பின் சில வாரங்களும் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லாச் சோதனைகளிலும் நிபந்தனை. ஆண்களுக்கும் நிபந்தனை இருக்கலாம். மோடஃபினிலும் பிடோலிசன்டும் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைப்பவை. மோடஃபினில் நிறுத்திய பிறகும் ஒரு மாதம் இந்த விளைவு இருக்கலாம். ஆகவே மாத்திரையை மட்டும் நம்பாமல், வேறு முறையும் வேண்டுமா என்று பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வருஷத்துக்குள் குழந்தை வேண்டும் என்றால் இப்போது சேர வேண்டாம்.

என் பிள்ளைக்குத்தான் நோய். சின்ன வயசுக்காரர்களைச் சேர்ப்பார்களா?

பெரியவர்களிடம் சோதித்த பிறகே குழந்தைகளுக்குத் தனிச் சோதனை நடக்கும். பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் கேட்பார்கள். அந்தச் சம்மதத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். தலையில் ஒயரோடு பகல் முழுக்க உட்காரப்போவது பிள்ளைதான். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

சோதனை முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா?

சில சோதனைகளில் நீட்டிப்புக் கட்டம் உண்டு. அதில் பிளாசிபோ சாப்பிட்டவர்கள் உட்பட எல்லாருக்கும் நிஜ மருந்தே கொடுப்பார்கள். அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூடப் போகலாம். எல்லாச் சோதனையிலும் கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பகல் முழுக்க விழித்திருந்து, சாப்பாட்டு மேஜையில் கடைசி வரை உட்கார்ந்து பேசிவிட்டு, பிறகு மருந்து நின்றுபோவது பெரிய இழப்பு. அது வரக்கூடும் என்று தெரிந்து உள்ளே போவதும் தெரியாமல் போவதும் ஒன்றில்லை. கையெழுத்துக்கு முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

எங்கே தேடுவது?

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பதிவேட்டுத் தேடுதளத்தில் பல நாடுகளின் பதிவுகள் ஒரே இடத்தில் கிடைக்கும். அமெரிக்க அரசு 2000-ல் தொடங்கிய கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் தளத்திலும் உலகெங்கும் நடப்பவை பதிவாகின்றன. நார்கோலெப்ஸி என்று தேடி, ஆள் சேர்க்கிற நிலையில் இருப்பவற்றை மட்டும் வடிகட்டுங்கள். பட்டியலில் இருப்பதாலேயே ஒரு சோதனை பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. சேர்க்கை நிபந்தனைப் பக்கத்தை அச்செடுத்து உங்கள் தூக்க மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்கிரீனிங்கில் தள்ளிவிட்டார்கள். இனி என்ன?

ஏன் என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் அன்றைக்கு ஏறியிருந்தது, கேட்டப்ளெக்ஸி எண்ணிக்கை குறைந்தது என்பது போன்ற காரணம் என்றால் மறுபடி வரச் சொல்லக்கூடும். பரிசோதனை முடிவுகளின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சோதனைக்கும் உதவும், உங்கள் மருத்துவருக்கும் உதவும். ஸ்கிரீனிங்குக்காக மருந்தைக் குறைத்திருந்தால், பழைய அளவுக்கு எந்த நாளில் எப்படித் திரும்புவது என்று அன்றைக்கே எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.